முதல்ல ஆட்டம் நிக்கட்டும், அப்புறம் அலைன்மென்ட்

"சார், இந்த வண்டி நம்ம மிஷின்ல இல்ல. மாருதி 800 டேட்டாவைப் போட்டு செட் பண்ணிடட்டுமா?"

கேட்ட அலைன்மென்ட் கடைப் பையன் மேல எனக்குக் கோபமில்ல. மிஷினோட பட்டியல்ல டாடா இருக்கு, ஹூண்டாய் இருக்கு, நேத்து வந்த சீனா வண்டி கூட இருக்கு. என்னோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு இல்ல, அதுக்கு அவர் என்ன பண்ணுவார்?

ஆனா அந்த யோசனை மேல கோபம் வந்துச்சு. மாருதி 800-ல இன்ஜின் முன்சக்கரத்தை இழுக்கும். ஹெரால்டுல பின்சக்கரம் தள்ளும். மாருதிக்குப் பின்னாடி ஒரே கட்டை ஆக்சில். ஹெரால்டுக்கு ரெண்டு பின்சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்கும். ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்கு வெச்சா, பேப்பர்ல எல்லாக் கட்டமும் பச்சையா வரும், வண்டி ரோட்டுல தள்ளாடும்.

வேணாம் தம்பின்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். வீட்டு வாசல்லயே நூல் கட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு, நானும் மெக்கானிக் அண்ணனும் சேர்ந்து செட் பண்ணோம்.

இப்ப செஞ்சி ரோட்டுல 80-ல போறேன். ஸ்டீயரிங் மேல ரெண்டு விரல் இருந்தா போதும். அந்த சந்தோஷத்துலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். பொறுமையா படிங்க.

முதல்ல ஹெரால்டு பத்தி ரெண்டு வார்த்தை. (இன்னைக்கு இருக்கிற பசங்க ஏதோ இங்கிலாந்துலேர்ந்து இறக்குமதி பண்ண வண்டின்னு நினைச்சுக்கிறாங்க.)

டிசைன் இங்கிலாந்துதான். டிரையம்ஃப் கம்பெனி 1959-ல கொண்டு வந்தது. உருவத்தை வரைஞ்சவர் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கலொட்டி. ஆனா 1961-லேர்ந்து நம்ம மெட்ராஸ்லயே தயாரிச்சாங்க. பெருங்களத்தூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலை. ஜி.எஸ்.டி ரோட்டுல அந்தப் பக்கம் போற பழைய ஆளுங்க கையை நீட்டிக் காட்டுவாங்க. அம்பாசடர் கல்கத்தா வண்டி, ஃபியட் பம்பாய் வண்டி, ஹெரால்டு நம்ம வண்டி.

இன்ஜின் 948 சிசி. குதிரைசக்தி 35 கிட்டக்க. "இதையா பெர்ஃபார்மன்ஸ் கார்னு சொல்ற?"ன்னு கேப்பீங்க.

சொல்றேன். இந்த வண்டியோட சேசிஸை நீளம் குறைச்சுத்தான் 1962-ல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அந்த ஸ்பிட்ஃபயர் 1965-ல லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துல தன் வகுப்புல முதலிடம் பிடிச்சது. முன்பக்க சஸ்பென்ஷன்ல சக்கரத்தைத் தாங்குற அந்த நெட்டுக்கால் இருக்கே, அதை லோட்டஸ் கம்பெனி தன்னோட எலான் காருக்கே எடுத்துக்கிச்சு. ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், முன்னாடி டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். நம்ம ஊர்ல மத்த வண்டியெல்லாம் எப்படி இருந்த காலத்துல இது வந்ததுன்னு யோசிச்சுப் பாருங்க.

25 அடி வட்டத்துல முழுசா திரும்பும். எங்க திருவண்ணாமலை மாட வீதியில, ரெண்டு பக்கமும் பூக்கடை, பாத்திரக்கடை, நடுவுல ஆட்டோ. அதுக்குள்ள ஒரே வீச்சுல யூ டர்ன் போட்டுட்டுப் போற சுகம் பெரிய வண்டி வெச்சிருக்கிறவங்களுக்குக் கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அலைன்மென்ட்ங்கிறது கடைசி வேலை. இதை நான் எத்தனை பேர்கிட்ட வேணும்னாலும் சொல்லத் தயார். வண்டி ஒரு பக்கம் இழுக்குதா, டயர் ஓரம் தேயுதா, நேரா அலைன்மென்ட் கடைக்குத்தான் ஓடுறோம். ஆனா சஸ்பென்ஷன் மூட்டுகள்ல ஆட்டம் இருக்கிற வரைக்கும் எந்த அளவும் நிக்காது. மேடையில நிக்கிறப்ப ஒரு அளவு. ரோட்டுல பிரேக் அடிச்சா வேற அளவு. பள்ளத்துல விழுந்து எழுந்தா இன்னொண்ணு.

அதனால முதல்ல ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்குங்க. மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க. இடமும் வலமும் பிடிச்சு ஆட்டுங்க. மேலும் கீழும் ஆட்டினப்ப லொடக்குன்னா வீல் பேரிங், பால் ஜாயின்ட், கீழ் மூட்டு. பக்கவாட்டுல லொடக்குன்னா டை ராடு, இல்ல ரேக். பிரேக்கை ஒருத்தரை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னுட்டா பேரிங். நிக்கலைன்னா மூட்டு. இவ்வளவுதான் சோதனை, காசு செலவில்ல.

ஹெரால்டுல அந்தக் கீழ் மூட்டுக்குப் பேரு டிரன்னியன். இதைப் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும், ஏன்னா உயிர் சம்பந்தப்பட்டது.

நெட்டுக்காலோட அடிப்பாகத்துல மரை வெட்டியிருக்கும். அந்த மரையில ஒரு வெண்கலக் கட்டை ஏறி உட்காரும். நீங்க ஸ்டீயரிங் திருப்புறப்ப, இரும்பு மரை வெண்கலத்துக்குள்ள திரும்பும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர். மாத்திப் போடவே கூடாது.

இதுக்கு உள்ள போக வேண்டியது ஆயில். 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் இல்ல!

நம்ம ஊர்ல கிரீஸ் கன் எடுத்தா கிரீஸ்தான். நிப்பிள் எங்க தெரிஞ்சாலும் ஒரு அடி. கிரீஸ் மரையோட அடிவரைக்கும் போகாது, நாளாக நாளாக இறுகிடும். அதுக்குக் கீழ மழைத்தண்ணி தங்கும். இரும்பு மரை துருப்பிடிக்கும். ஒரு நாள் ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்புறப்ப கால் அப்படியே மரை ஆரம்பிக்கிற இடத்துல முறியும். சக்கரம் மட்கார்டுக்குள்ள மடங்கிப் படுத்துக்கும்.

எங்க வண்டியில இடது பக்கத்தைக் கழட்டினப்ப உள்ளே இருந்ததை மெக்கானிக் அண்ணன் என் உள்ளங்கையில கொட்டினார். காஞ்ச கிரீஸ், காபிப்பொடி நிறத்துல துருத்தூள், கொஞ்சம் மணல். மரையை டீசல்ல கழுவி, சுண்டுவிரல் நகத்தால ஒவ்வொரு பள்ளமாத் தடவிப் பார்த்தார். ஒரு இடத்துல நகம் மாட்டிச்சு. சின்னக் கீறல்தான். "இது போடக்கூடாதுண்ணே, தூக்கிப் போடுங்க"ன்னுட்டார். (அவர் என்னை அண்ணேம்பார், நான் அவரை அண்ணேம்பேன். எங்களுக்குள்ள அது அப்படித்தான்.)

அந்த நகத்துக்கு நான் நன்றி சொல்றேன். எந்த கேமரா மிஷினும் அதைக் கண்டுபிடிச்சிருக்காது.

மாத்துக் கால் சென்னை புதுப்பேட்டையில தேடித்தான் கிடைச்சுது. பழசு வாங்குறப்ப நீங்களும் இதே நகச் சோதனையைக் கடையிலயே பண்ணுங்க. வெளிய பெயின்ட் அடிச்சு பளபளன்னு வெச்சிருப்பாங்க, மரையைத்தான் பார்க்கணும்.

விஷ்போன் புஷ்ஷெல்லாம் ரப்பர்லயே போட்டேன். பாலியூரித்தேன் போட்டா இன்னும் டைட்டா இருக்கும்னு நண்பர்கள் சொன்னாங்க. உண்மைதான். ஆனா வேட்டவலம் ரோட்டு ஊர்களுக்குள்ள வர்ற வேகத்தடையில ஒவ்வொரு குலுக்கலும் நேரா முதுகெலும்புக்கு வரும். என் வண்டியில அம்மா உட்கார்ந்து வருவாங்க. ரப்பரே போதும்.

அடுத்தது பின்பக்கம். ஹெரால்டோட மொத்த குணமும் இங்கதான் இருக்கு.

நடுவுல டிஃபரன்ஷியல், சேசிஸோட சேர்த்து முடுக்கியிருக்கும். அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட். ஷாஃப்ட்டோட உள்முனையில ஒரே ஒரு யூ ஜாயின்ட். கதவு கீல்ல ஆடுற மாதிரி, சக்கரம் அந்த மூட்டைச் சுத்தி மேலும் கீழும் ஆடும். மேல குறுக்குவாட்டுல ஒரே ஒரு கமான் பட்டை ரெண்டு சக்கரத்தையும் தாங்கும். இதைத்தான் ஸ்விங் ஆக்சில்னு சொல்றாங்க.

ஜாக்கி போட்டுத் தூக்கிட்டு இறக்கினீங்கன்னா பின்சக்கரம் ரெண்டும் அடியில உள்பக்கமா மடங்கி நிக்கும். டீக்கடையில நிறுத்தி டயர் மாத்தினா கூட்டம் கூடிடும். "சார், ஆக்சில் வளைஞ்சு போச்சு"ன்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. வளையல. நாலடி முன்னாடியும் பின்னாடியும் தள்ளினா தானா விரிஞ்சு உட்காரும்.

ஆனா அதே மடங்கல் வளைவுல நடந்தா ஆபத்து. வேகமா ஒரு வளைவுக்குள்ள போயிட்டு, பயந்துபோய் சட்டுனு ஆக்சிலேட்டரை விட்டா, இல்ல பிரேக்கைத் தொட்டா, எடை முன்னாடி சாயும். பின்பக்க பாடி மேல எழும்பும். பாடி எழும்பினா சக்கரம் கீழ தொங்கும், தொங்கினா உள்ள மடங்கும். வெளிப்பக்கப் பின்டயர் தன் ஓரத்துல மட்டும் நிக்கும். பிடிப்பு போயிடும், வண்டி சுத்திடும்.

இது ஹெரால்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் ஸ்விங் ஆக்சில்தான். அமெரிக்காவுல 1960-லேர்ந்து 63 வரைக்கும் வந்த ஷெவர்லே கார்வேரும் அதேதான். அந்த கார்வேரை வெச்சு ரால்ஃப் நேடர் 1965-ல எழுதின புத்தகம்தான் அந்த ஊர்ல கார் பாதுகாப்பு பத்தின பேச்சையே கிளப்பி விட்டுச்சு. டிரையம்ஃப் கம்பெனியும் கடைசியா முழிச்சுக்கிச்சு. 1970 கடைசியில வந்த ஸ்பிட்ஃபயர் மார்க் ஃபோர்ல, பட்டையில பெரும்பகுதி நடுவுல தராசாட்டம் ஆடுற மாதிரி மாத்தினாங்க. மடங்குற குணம் ரொம்பவே அடங்கிடுச்சு.

நம்ம மெட்ராஸ்காரங்க வேற வழி எடுத்தாங்க. 1970-களோட தொடக்கத்துல ஹெரால்டுக்குப் பதிலா ஸ்டாண்டர்டு கெஸல் வந்தப்ப, ஸ்விங் ஆக்சிலையே தூக்கிட்டு சாதாரண கட்டை ஆக்சில் போட்டுட்டாங்க. ஊர் மெக்கானிக்குகளுக்குச் சுலபம், ரோட்டுக்கும் தாங்கும். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா நல்லா செட் பண்ண ஸ்விங் ஆக்சில் ஹெரால்டு மோசமான ரோட்டுல மிதக்கிற மிதப்பு கெஸல்ல கிடைக்காது.

நல்லா செட் பண்றதுன்னா என்ன? ரெண்டு பேர் உட்கார்ந்தா பின்சக்கரம் மேல்பக்கம் லேசா உள்ள சாஞ்சிருக்கணும். ஒரு டிகிரி நெகட்டிவ் கேம்பர். அப்பதான் பாடி கொஞ்சம் எழும்பினாலும் சக்கரம் நேர்நிலையைத் தாண்டி மடங்காது.

இங்கதான் நம்ம ஊர் கமான் பட்டறையில ஒரு சிக்கல். லாரிக்கு கமான் அடிக்கிறவங்க கையில பலம், கண்ணுல கணக்கு. லாரி பட்டை தொங்கிப் போச்சுன்னா சூடு பண்ணி அடிச்சு நல்லா வளைச்சுக் கொடுப்பாங்க. லாரிக்கு அதுதான் சரி, வண்டி நிமிர்ந்து நிக்கும். ஹெரால்டு பட்டையை அதே மாதிரி வளைச்சா? பின்பக்கம் ஜம்முன்னு தூக்கிக்கும். பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா சக்கரம் ஏற்கனவே மடங்குன நிலையில ஓட ஆரம்பிக்கும். இருக்கிறதுலயே ஆபத்தான செட்டிங் அதுதான்!

எங்க பட்டறைக்காரர்கிட்ட வண்டியையே கொண்டுபோய்க் காட்டினேன். ஜாக்கியில தூக்கி, சக்கரம் மடங்குறதை அவர் குனிஞ்சு பார்த்தார். ஒண்ணும் பேசல. பட்டையைக் கழட்டித் தரையில வெச்சு சாக்பீஸால ஒரு கோடு போட்டார். "இவ்வளவு போதும் சார், இதுக்கு மேல வளைச்சா உங்களுக்கு எதிரி." பத்து வரி விளக்கம் வெச்சிருந்தேன், ஒண்ணுகூடத் தேவைப்படல.

பட்டையைத் தொடாம சரிபண்ணவும் ஒரு வழி இருக்கு. டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு கனமான தகடு. பட்டை உயரும், அதனால பாடி இறங்கும், சக்கரம் நெகட்டிவுக்குப் போகும். 12 மில்லிமீட்டர் தகடு போட்டா ஒரு டிகிரிக்கும் கொஞ்சம் மேல மாறும். நீளமான ஸ்டட் போடணும், அதை மறந்துடாதீங்க.

இப்ப அளக்கிற வேலை.

வாசல்ல கொத்தனார் மட்டக்குழாய் வெச்சு நாலு சக்கரம் நிக்கிற இடத்தையும் பார்த்தோம். தாழ்வா இருந்த இடத்துல டைல்ஸ் வெச்சு ஏத்தினோம். முன்சக்கரத்துக்குக் கீழ ரெண்டு டைல்ஸ், நடுவுல கிரீஸ். சக்கரம் சிக்காம திரும்பணும்ல, அதுக்கு.

டிரையம்ஃப் கையேட்டுல இந்த அளவையெல்லாம் ஆள் உட்கார்ந்த நிலைக்குத்தான் கொடுப்பாங்க. ஒரு ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. வேலை நடக்கிறப்ப ரெண்டு பேரை அசையாம உட்கார வைக்க முடியுமா? ஆரணி அரிசி இருக்கே! ஜி.எஸ்.டி வரித் தொல்லைக்கு அப்புறம் 25 கிலோ மூட்டையெல்லாம் 26 கிலோ ஆயிடுச்சு இல்லையா, அதுல அஞ்சு மூட்டை முன்சீட்டுகள்ல. 130 ஆச்சு. மிச்சம் 6 கிலோவுக்கு அம்மா உளுந்து டப்பாவைக் கொடுத்தாங்க. (சீட்டுல பழைய போர்வை விரிச்சுட்டு வைங்க.)

கேம்பர் பார்க்கத் தூக்குக்குண்டு போதும். மட்கார்டு மேலேர்ந்து நூல் தொங்கவிட்டு, ரிம்மோட மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலோட தூரத்தை ஸ்டீல் ஸ்கேல்ல எடுங்க. 13 அங்குல ரிம்முல 6 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தா ஒரு டிகிரின்னு வெச்சுக்கலாம்.

பழைய கணக்குப்படி முன்சக்கரத்துக்கு ரெண்டு டிகிரி பாசிட்டிவ். அது அந்தக் காலத்து கிராஸ் பிளை டயருக்கு. இப்ப நாம போடுறது ரேடியல். படிப்படியா குறைச்சுப் பார்த்தேன். நேர்நிலை, அதாவது பூஜ்யம் கிட்ட வந்தப்ப டயர் முழு அகலத்துக்கும் ஒரே சீரா தேய ஆரம்பிச்சுது. இன்னும் நெகட்டிவுக்குப் போனா முன்பக்கப் பிடிப்பு கூடும். ஸ்விங் ஆக்சில் வண்டியில முன்பக்கம் மட்டும் ரொம்ப ஒட்டினா பின்பக்கம் முதல்ல விடும். அதனால பூஜ்யத்துலயே நிறுத்திக்கிட்டேன்.

இதைச் சரிபண்ண கீழ் விஷ்போன் பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவுல சிம்ங்கிற மெல்லிய தகடு போடணும். சிம் கூடினா சக்கரத்தோட அடி வெளிய போகும், நெகட்டிவ் ஆகும். முன் பிராக்கெட், பின் பிராக்கெட் ரெண்டுலயும் சமமா போடணும். ஏத்தக்குறைச்சலா போட்டா காஸ்டர், அதாவது நெட்டுக்கால் முன்னபின்ன சாயுற கோணம், மாறும்.

நம்ம ரோடெல்லாம் நடுவுல உயர்ந்து ஓரத்துல சரியும். இடது பக்கமா ஓட்டுறோம், வண்டியும் இடது பக்கமா ஒதுங்கும். அதுக்காக வலது முன்சக்கரத்தை இடதை விடக் கால் டிகிரி பாசிட்டிவா வெச்சிருக்கேன். கையை லேசாக்கினா வண்டி கோடு போட்ட மாதிரி போகுது.

கடைசியாத்தான் டோ, அதாவது சக்கரம் உள்ள பார்க்குதா வெளிய பார்க்குதாங்கிறது. வண்டிக்கு ரெண்டு பக்கமும் நீளமா நூல் கட்டுங்க. ஹெரால்டுல முன்னாடியும் பின்னாடியும் சக்கர இடைவெளி ஒண்ணுதான், 48 அங்குலம். அதனால நாலு ஹப்புலேர்ந்தும் நூல் ஒரே தூரத்துல இருந்தா நூல் நேரா இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு பெரிய சௌகரியம்! முன்சக்கரம் ரெண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டர் உள்பார்வை. டை ராடை ரெண்டு பக்கமும் சமமா திருப்பணும், இல்லைன்னா ஸ்டீயரிங் வீல் கோணலா நிக்கும். பின்சக்கரத்துக்கு, அதை முன்னபின்ன நகராம பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுல சிம் வெச்சு, நேரா அல்லது துளி உள்பார்வை. பின்சக்கரம் வெளிப்பார்வையா மட்டும் இருக்கவே கூடாது.

ஒவ்வொரு தடவை மாத்தின பிறகும் வண்டியைத் தெருமுனை வரை உருட்டிட்டு வந்து அளங்க. ஜாக்கியில இறக்கின உடனே அளந்தா அது பொய் அளவு.

அப்புறம் காத்து. பங்க்ல நாலு டயருக்கும் ஒரே அளவு அடிப்பாங்க. வேணாம். முன்னாடி 22, பின்னாடி 27. பின்னாடி எப்பவும் அஞ்சு பி.எஸ்.ஐ கூடுதல். இந்த ஒரு விஷயம் மட்டும் பண்ணாக்கூட வண்டி மாறிடும்.

எல்லாம் முடிச்சு போளூர் வழியா ஜமுனாமரத்தூர் ஏறினோம். ஜவ்வாது மலை வளைவுகள்ல ஹெரால்டு எப்படி ஓடுதுன்னு வார்த்தையில சொல்ல ஆசையாத்தான் இருக்கு. வளைவுக்கு முன்னாடியே பிரேக், கியரை இறக்கி, உள்ள போறப்ப ஆக்சிலேட்டரை மெதுவா அழுத்திக்கிட்டே போகணும். நடுவுல விடவே கூடாது. அப்படிப் போனா பின்பக்கம் உட்கார்ந்துக்கும், ஸ்டீயரிங் ஒவ்வொரு கல்லையும் கைக்குச் சொல்லும். 35 குதிரையில இவ்வளவு ஆனந்தமா? ஆமா, இவ்வளவு ஆனந்தம்தான்.

இந்த ஆனந்தம் நமக்குப் புதுசு இல்ல. சென்னை பக்கத்துல சோழவரம் பழைய ஏர்ஸ்ட்ரிப்புல ரேஸ் நடந்த காலத்தை நேர்ல பார்த்தவங்க இன்னும் நம்மகூட இருக்காங்க. 1953-ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல இருங்காட்டுக்கோட்டை டிராக். இவ்வளவு வரலாறு உள்ள மாநிலம் நம்மது. இன்ஜினைப் பத்திப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. சக்கரம் எப்படி நிக்கணும்னு பேச ஆள் கம்மி.

பசங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். அப்பாவோட பழைய வண்டியை எடுத்து, போட்டோவுல தாழ்வா தெரியணும்னு ஸ்பிரிங்கை கட்டர் வெச்சு அறுக்காதீங்க. ஸ்பிரிங் குறைஞ்சா ஷாக் அப்சார்பருக்கு ஓடுற இடம் இல்லாம போகும், விஷ்போன் கோணம் கெடும், பௌர்ணமி கூட்டத்துல திடீர்னு ஒருத்தர் குறுக்க வந்தா வண்டி நினைச்ச இடத்துல நிக்காது. நம்ம ரோட்டுல கரும்பு டிராக்டர் இருக்கு, மாடு இருக்கு, கிரிவலம் போற ஆயிரக்கணக்கான கால்கள் இருக்கு. இந்த ஊர்ல பழைய வண்டி ஓட்டுறவங்க சஸ்பென்ஷனை சரியா வெச்சுக்கிறது அந்தக் கால்களுக்குச் செய்ய வேண்டிய மரியாதை.

ஆரணி, போளூர், வந்தவாசி பக்கம் மாட்டுக்கொட்டகையில தார்ப்பாய் போட்டு ஹெரால்டு வெச்சிருக்கிறவங்க இன்னும் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பெயின்ட், சீட்டு, குரோம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். இந்த ஞாயித்துக்கிழமை முன்சக்கரத்தை ஜாக்கியில தூக்கி ஆட்டிப் பாருங்க. டிரன்னியனுக்கு 90 நம்பர் ஆயில் விடுங்க, பழைய கிரீஸ் வெளிய வழியுற வரைக்கும். ஆட்டம் இருந்தா அதை மாத்தாம ரோட்டுல எடுக்காதீங்க. நூலும் குண்டும் வெச்சு அளக்கணும்னா கூப்பிடுங்க, நானும் அண்ணனும் வர்றோம். அரிசி மூட்டை மட்டும் நீங்க எடுத்து வைங்க.